அங்கே மூன்றுக்கு அடுத்தது எட்டு!

கேள்வி: செப்டம்பர் காலாண்டு விடுமுறையில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து நாள் ஹாங்காங் போகிறோம். நடுவில் ஒரு நாள் மக்காவ். "அது டைஃபூன் மாதம், கேன்சல் பண்ணு" என்கிறார் அண்ணன். அங்கே 3-ம் எண் எச்சரிக்கை என்றால் பயப்பட வேண்டுமா?
*வாசகி, திண்டுக்கல்*

பதில்: கேன்சல் வேண்டாம். அண்ணன் சொன்னதும் தப்பில்லை. மே முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உச்சம். டைஃபூன் வேறொன்றுமில்லை, வடமேற்குப் பசிபிக்கில் பிறக்கும் நம் வங்கக்கடல் புயலேதான்.

ஆனால் எண்ணைக் கேட்டு நம்மூர்க் கணக்குப் போடாதீர்கள். நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு கப்பல்காரர்களுக்கு. ஹாங்காங்கில் அந்த எண்ணை வைத்துத்தான் ஊரே நடக்கும். 1, 3, அப்புறம் நேராக 8. (5, 6, 7, 8 நான்கும் முன்பு காற்றின் திசையைச் சொன்னவை. 1973-ல் எல்லாவற்றையும் 'எட்டு' ஆக்கி, பக்கத்தில் திசையை எழுதிவிட்டார்கள்.)

1 என்றால் புயல் 800 கிலோமீட்டருக்குள் வந்திருக்கிறது. தாராளமாக ஊர் சுற்றுங்கள். 3 ஏறினால் கடற்கரையும் மக்காவும் வேண்டாம். 8 ஏறிவிட்டால் மக்காவிலிருந்து கடல் தாண்டி ஹாங்காங் வரும் ஃபெர்ரி நின்றுவிடும், இரண்டையும் இணைக்கும் கடல் பாலத்தையும் மூடிவிடுவார்கள். ஹோட்டலும் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் இந்தக் கரையில், நீங்கள் அந்தக் கரையில் என்றாகிவிடும்.

8 ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வானிலை மையம் அறிவித்துவிடும். அதைக் கேட்டபிறகு கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். ஆபீஸ், கடை எல்லாம் மூடி மொத்த ஊரும் அதே நேரத்தில் ரயிலுக்கு ஓடும். பிள்ளைகளோடு அந்த நெரிசல் ஆகாது. '8 வரலாம்' என்ற பேச்சு அடிபடும்போதே அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

2018 செப்டம்பர் 16, மாங்குட் புயலன்று நான் ஹாங்காங்கின் ஹங் ஹாம் பகுதியில் தோழி வீட்டில், 27-வது மாடியில் இருந்தேன். உச்ச எச்சரிக்கையான பத்தாம் எண் ஏறி பத்து மணி நேரம் இறங்கவில்லை. பாத்ரூமுக்குப் போனால் டாய்லெட் கோப்பைக்குள் தண்ணீர் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கட்டடம் ஆடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது! முந்தின நாள் சாயங்காலமே கடையில் ரொட்டித் தட்டு காலி. எனக்குக் கிடைத்தது நாலு நூடுல்ஸ் கப், அரை சீப்பு வாழைப்பழம். ஆகவே 3 ஏறியதும் முதல் வேலை, கடைக்குப் போவது.

மறுநாள் வெயில் அடித்தது, ரயில் ஒழுங்காக ஓடவில்லை, பாதையெங்கும் மரங்கள். அதனால் ஊர் திரும்பியதற்கு மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் உண்டு என்று கம்பெனியிடமிருந்து செய்தி வராமல் ஏர்போர்ட்டுக்கும் கிளம்பாதீர்கள். பயணக் காப்பீட்டை இன்றைக்கே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்தபிறகு எடுத்தால் பெரும்பாலும் அந்தப் புயலுக்குப் பணம் தர மாட்டார்கள்.

கேள்வி: புயலின் கண் கடக்கும்போது காற்று நின்றுவிடுமாமே, அந்த நேரத்தில் அலையைப் படமெடுக்கலாமா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

பதில்: கூடாது தம்பி. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். காற்று நின்றாலும் கடல் அடங்காது. 2025 செப்டம்பரில் ரகாசா புயல் வந்தபோது, ஹாங்காங்கின் தெற்குக் கரை ஹோட்டல் ஒன்றின் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு அலை வரவேற்பறைக்குள்ளேயே வந்தது. அந்த வீடியோ கிடைக்கும், அறையில் உட்கார்ந்து பாருங்கள்.