இருபது வருட ரசிகர் டிக்கெட்டை ஏன் விட்டார்?

கேள்வி: வட கரோலினாவில் சார்லட் நகரில் ஆறு வருடமாக இருக்கிறோம். ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்காரர் இந்த ஊர்க்காரர். டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டலில் நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்டாக் கார் (சாதாரண காரின் தோற்றம் கொண்ட பந்தயக் கார்) பந்தயத்துக்கு இருபது வருடம் விடாமல் டிக்கெட் எடுத்தவர். இப்போது பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐ மட்டும் டிவியில் பார்ப்பதோடு சரி. கேட்டால் "போரடித்துவிட்டது" என்கிறார். என் பதினோரு வயது மகனுக்கோ இப்போதுதான் பித்து பிடித்திருக்கிறது, நேரில் கூட்டிப்போ என்று நச்சரிக்கிறான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, கார்கள் வட்டமடிப்பதில் என்ன இருக்கிறது என்றே பிடிபடவில்லை. இத்தனை வருட ரசிகர்களே விட்டுப்போக என்ன காரணம்? நாங்கள் போனால் பாதியில் எழுந்து வராமலிருக்க எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வட்டமடிப்பது போரடிக்கும் என்றால் உங்கள் நண்பர் இரண்டாவது வருடமே நின்றிருப்பார். பிரிஸ்டலில் 1982-லிருந்து 2009 வரை தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. 2000-களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கைகள் இருந்த இடம் அது. அப்போதும் கார்கள் வட்டம்தான் அடித்தன. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஸ்டாக் கார் ரசிகர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பவர். யார் முந்துகிறார், யாருடைய டயர் தேய்கிறது, இன்று ஐந்தாவதாக வந்தால் சாம்பியன் பட்டத்துக்கு எத்தனை புள்ளி பின்தங்குவார் என்று சுற்றுக்குச் சுற்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பார். நான்கு மணி நேரம் உட்கார வைப்பது அந்தக் கணக்குதான். 2004-க்குப் பிறகு அதை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். விட்டுப்போனதற்குத் தலையாய காரணமாக நாங்கள் சொல்வது இதைத்தான்.

2003 வரை வருடம் முழுக்க ஓடி, எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டினால் யார் முன்னிலையோ அவரே சாம்பியன். அந்த வருடம் மாட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று பட்டம் வாங்கினார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாவது இடத்தில் நின்றார். இது சரியில்லை என்று பலர் முணுமுணுத்தது உண்மை. அதற்கு மருந்தாக 2004-ல் 'சேஸ்' வந்தது: 26 பந்தயம் முடிந்ததும் முதல் பத்துப் பேரைப் பிரித்து, புள்ளிகளை மாற்றியமைத்து, மீதி 10 பந்தயத்தில் பட்டத்தைத் தீர்மானிப்பது. 2014-ல் இன்னும் இறுக்கினார்கள். 16 பேர், மூன்று பந்தயத்துக்கு ஒருமுறை நால்வர் வெளியே, கடைசிப் பந்தயத்தில் நான்கு பேர். அந்த நால்வரில் யார் முன்னால் வந்து முடிக்கிறாரோ அவருக்குப் பட்டம். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், ஐந்து டெஸ்ட் ஆடி முடித்தபின் தொடர் யாருக்கு என்பதைக் கடைசி டெஸ்டின் கடைசி செஷனை வைத்து முடிவு செய்வது போல.

விளைவுகளைப் பாருங்கள். 2014-ல் ஒரு வெற்றிகூட இல்லாத நியூமன் கடைசிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஒரே ஓர் இடத்தில் பட்டம் தவறியது. 2020-ல் ஒன்பது வெற்றி பெற்ற கெவின் ஹார்விக் கடைசி நால்வரிலேயே இல்லை. 2024-ல் ஜோயி லொகானோ பட்டம் வென்றபோது, அந்த வருடம் அவர் முடித்த சராசரி இடம் 17.1. எந்தச் சாம்பியனுக்கும் இவ்வளவு பின்தங்கிய சராசரி இருந்ததில்லை. லொகானோ மேல் குற்றமில்லை, இருந்த விதிப்படி கச்சிதமாக ஓட்டினார். ஆனால் ஏப்ரலில் மார்ட்டின்ஸ்வில்லில் ஒருவர் நாள் முழுக்கப் போராடி மூன்றாவதாக வந்ததற்கு நவம்பரில் மதிப்பில்லை என்று தெரிந்தபின், ரசிகர் ஏப்ரலில் ஏன் உட்கார வேண்டும்?

2017-ல் ஒவ்வொரு பந்தயத்தையும் 'ஸ்டேஜ்' என்று துண்டு போட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் மஞ்சள் கொடி, அதாவது யாரும் முந்தாமல் மெதுவாக வரிசையில் போக வேண்டும். கஷ்டப்பட்டு ஆறு விநாடி முன்னிலை எடுத்தவரின் உழைப்பு அந்தக் கொடியோடு போச்சு, எல்லோரும் மறுபடி ஒட்டி நிற்பார்கள். மஞ்சள் கொடி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிவதால், பெட்ரோலை மிச்சம் பிடித்து எதிராளியை ஏமாற்றும் நீண்ட ஆட்டமும் சுருங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் காற்று. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, பின்னால் வருபவருக்குக் கிடைப்பது கலங்கிய காற்று. நேர்ப்பாதையில் அது லாபம்: எதிர்ப்புக் குறைவதால் பம்பரை ஒட்டிக்கொண்டு வரலாம். வளைவுக்குள் நுழைந்ததும் அதுவே நட்டம். முன் டயர்களைத் தரையோடு அழுத்த வேண்டிய காற்று அங்கே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு சுவர்ப்பக்கமே போகும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாக வேண்டும், அரும்பாடுபட்டு நெருங்கிய தூரம் மறுபடி விரிந்துவிடும். இதை 'டைட்' என்பார்கள். பின்பக்கம் வழுக்கினால் 'லூஸ்'. வேகமான கார் மெதுவான காரின் பின்னால் முப்பது சுற்று மாட்டிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். 1990-களின் கடைசியிலிருந்து டெக்சஸ், லாஸ் வேகஸ், கேன்சஸ், சிகாகோ என்று ஏறக்குறைய ஒரே அச்சில் ஒன்றரை மைல் ஓடுதளங்கள் வந்தபோது இந்த வியாதி பருவம் முழுக்கப் பரவியது. அதே காலத்தில் வட வில்க்ஸ்பரோவை 1996-லும் ராக்கிங்கமை 2004-லும் அட்டவணையிலிருந்து எடுத்தார்கள். இரண்டும் உங்கள் மாநிலத்தின் பழைய களங்கள். வட வில்க்ஸ்பரோ 2023-ல்தான் மீண்டது.

2022-ல் வந்த 'நெக்ஸ்ட் ஜென்' கார் ஒன்றரை மைல் களங்களில் நிலைமையைச் சீராக்கியது. ஆனால் பிரிஸ்டல், மார்ட்டின்ஸ்வில் போன்ற குறுங்களங்களில் கெடுத்துவிட்டது. பிரேக் பெரிதானது, டயர் அகலமானது, குதிரைத்திறன் 670-ஆக நின்றது. பிரேக் பலமாக இருந்தால் எல்லோரும் வளைவுக்கு மிக அருகில் வந்தே பிரேக் போடலாம், அடுத்தவரை முந்த அங்கே இடமில்லை. டயர் நன்றாகப் பிடித்தால் வளைவை விட்டு வரும்போது தப்பாக மிதித்தவரும் தப்பிவிடுவார். முந்துவது என்பது முன்னால் இருப்பவரின் தவறிலிருந்து பிறப்பது. தவறை மன்னிக்கும் கார் வந்தால் முந்துவது நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான சாட்சி 2024 மார்ச், பிரிஸ்டல். அன்று டயர் ரப்பர் கான்கிரீட்டில் படியவில்லை, ஐம்பது சுற்றுக்குள்ளேயே தேய்ந்து நூல் தெரிந்தது. டயரைக் காப்பாற்றத் தெரிந்தவர் முன்னேறினார், ஆத்திரப்பட்டவர் பின்னால் போனார். முன்னிலை 54 முறை கைமாறியது. வென்றவர் டென்னி ஹாம்லின். உங்கள் நண்பர் அந்த ஒரு பந்தயத்தை முழுசாகப் பார்க்கட்டும்.

மற்ற காரணங்களும் உண்டு. 2008-ன் பொருளாதாரச் சரிவு, வாரம் முழுக்க முகாம் போட்டுப் பார்த்த உழைக்கும் குடும்பங்களைத்தான் முதலில் அடித்தது. அதே வருடம் இண்டியானாபொலிஸில் டயர்கள் சீக்கிரமே தேய்ந்துபோனதால், பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை மஞ்சள் கொடி காட்டி நிறுத்தினார்கள். காசு கொடுத்து வந்தவர் மறக்கவில்லை. 2015-ல் ஜெஃப் கார்டன், 2016-ல் டோனி ஸ்டூவர்ட், 2017-ல் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் என்று வரிசையாக விடைபெற்றார்கள். ஒளிபரப்பும் சிதறிவிட்டது: 2025-ல் ஒரே பருவத்தைப் பார்க்க ஃபாக்ஸ், அமேசான் பிரைம், டிஎன்டி, என்பிசி என்று தேடி அலைய வேண்டியிருந்தது. டேட்டோனா 500-ஐ 2006-ல் சுமார் 1.94 கோடிப் பேர் பார்த்தார்கள். 2025-ல் 67 லட்சம் சொச்சம்.

இனி உங்கள் மகன் விஷயம். தாராளமாகக் கூட்டிப்போங்கள், களத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று சார்லட்டின் 600 மைல் பந்தயத்தில் தொடங்காதீர்கள். 400 சுற்று, மாலையில் தொடங்கி நள்ளிரவை நெருங்கும், பிள்ளை தூங்கிவிடுவான். டார்லிங்டன், மார்ட்டின்ஸ்வில், பிரிஸ்டல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் ஓட்டு டார்லிங்டனுக்கு, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1950-ல் திறந்த அந்தக் களத்தைக் கட்டியபோது நிலத்துக்காரர் தன் மீன் குட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஒரு பக்க வளைவு குறுகிப்போனது. ஓடுதளம் முட்டை வடிவம். ஒரு முனைக்குச் சரியாக இருக்கும் கார் மறுமுனையில் முரண்டு பிடிக்கும். தரை உப்புத்தாள் மாதிரி, டயரைத் தின்றுவிடும்.

செலவும் நேரமும் யோசனையாக இருந்தால், முதலில் அதே வார இறுதியில் நடக்கும், பிக்கப் டிரக்குகள் ஓடும் டிரக் பந்தயத்துக்குப் போங்கள். டிக்கெட் மலிவு, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மகனிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010-ல் இதே டிரக் தொடரில் ஓட்டினார். ரசிகர்கள் வாக்களித்து அந்த வருடத்தின் மிகவும் பிரபலமான ஓட்டுநர் விருதையும் அவருக்கே கொடுத்தார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது கீழ் வரிசையை எடுக்கவே எடுக்காதீர்கள். கம்பி வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தமும் ரப்பர் துகளும்தான் மிஞ்சும், கார் கண்முன் ஒரு நொடி மின்னி மறையும். புதிதாகப் போகிறவர்கள் பாதியில் எழுந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்த இருக்கைதான் காரணம். மேலே போகப் போகக் களம் முழுவதும் தெரியும். வளைவிலிருந்து வெளியே வரும் இடத்துக்கு நேராக, மேல் வரிசையில் எடுங்கள்.

அடுத்தது ஸ்கேனர். வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டுநரும் குழுவும் பேசுவதை அப்படியே கேட்கலாம். "டைட்" என்று ஒருவர் கத்தினால் அடுத்த பிட் நிறுத்தத்தில் (டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் ஓரமாக நிறுத்தும் இடம்) அவர் காரைப் பாருங்கள். பின் கண்ணாடியில் இருக்கும் துளையில் நீளமான ஸ்பேனரை விட்டு அரைச் சுற்றோ ஒரு சுற்றோ திருப்புவார்கள், அல்லது டயரின் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். மறுபடி ஓடும்போது கார் வளைகிறதா என்று மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப்போங்கள். மூன்று கார்கள் போதும்: முன்னிலையில் இருப்பது, மகனுக்குப் பிடித்தது, பத்தாவது இடத்தில் இருப்பது. பச்சைக் கொடி காட்டியபின் 5-வது சுற்றில் ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தையும், 35-வது சுற்றில் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நாஸ்கார் செயலியில் அந்த நேரம் வரும். வித்தியாசம் அரை விநாடிகூட இல்லையென்றால் அன்று முந்துவது கடினம், பிட் நிறுத்தங்களைக் கவனியுங்கள். ஒன்றரை விநாடிக்கு மேல் போனால் கண்ணை எடுக்காதீர்கள், யார் டயரைக் காப்பாற்றினார் என்பது பத்து நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும்.

மஞ்சள் கொடி விழுந்தால் அதுதான் சமோசாவுக்குப் போகும் நேரம் என்று நினைப்பார்கள். அப்போது எழுந்து போகாதீர்கள். யார் பிட்டுக்குள் போகிறார், இரண்டு டயரா நான்கு டயரா என்று எழுதுங்கள். 2025 நவம்பரில் ஃபீனிக்ஸில் பட்டமே இதில்தான் கைமாறியது. ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். இருபது பருவம் காத்திருந்த பட்டத்துக்கு இன்னும் மூன்றே சுற்று. அப்போது வில்லியம் பைரனின் கார் சுவரில் மோத, மஞ்சள் கொடி. ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார். கைல் லார்சன் இரண்டு மட்டும் மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே வந்தார். மறுபடி ஓடிய இரண்டு சுற்றில் புது டயர் பிடித்து முந்த நேரம் போதவில்லை. அன்று ஒரு சுற்றுகூட முன்னிலை வகிக்காத லார்சன் சாம்பியன். உங்கள் நண்பரைப் போன்றவர்கள் டிவியை அணைத்தது இப்படிப்பட்ட முடிவுகளால்தான். ஆனால் அந்தச் சில விநாடி பிட் நிறுத்தத்தைக் கணக்கோடு பார்த்தவருக்கு அதைவிடப் பரபரப்பான விளையாட்டு கிடையாது.

2026-க்கு நாஸ்கார் இறங்கி வந்திருக்கிறது. நால்வர் மோதும் கடைசிப் பந்தய முறை போய், 16 பேர் பத்துப் பந்தயப் புள்ளிகளைக் கூட்டும் சேஸ் திரும்புகிறது. ஒரு பந்தயத்தை வென்றாலே அந்த 16 பேரில் இடம் என்ற பழைய விதியும் இல்லை. ஒன்றரை மைலுக்குக் குறைந்த களங்களில் குதிரைத்திறன் 750. நீங்கள் போகும் டார்லிங்டனும் அதில் சேர்த்தி. இதை உங்கள் நண்பரிடம் சொல்லி அவரையும் கூட அழையுங்கள், ஸ்கேனரில் கேட்பதற்கு அவரே அர்த்தம் சொல்வார்.

மகனுக்குக் காதை முழுக்க மூடும் கவசம் கட்டாயம், பஞ்சு போதாது. ஏறக்குறைய நாற்பது எஞ்சின்களும் ஒன்றாகக் கிளம்பும்போது வரும் சத்தம் குழந்தையின் காதுக்கு ஆபத்து. எஞ்சினை முடுக்கச் சொல்லி அறிவிப்பு வருவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.