ஓவசியர் பதில்கள்: கிறவல் றோட்டும் சைக்கிளும்

போன இதழில், கிறவல் (சரளைமண்) போட்ட இரணைமடுக் குளத்து வாய்க்கால் றோட்டில சைக்கிள் ஓடினதைப் பற்றி நாலு வரி எழுதினன். அதுக்கு வந்த கடிதங்களை வைச்சுப் பார்த்தால் வயல் தண்ணி, மதகு, விதைப்புப் பற்றிக் கேக்கிற ஆக்கள் எல்லாரும் இந்த மாதம் லீவு போல. சரி, சைக்கிளையே கதைப்பம்.

கேள்வி: ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். கிறவல் பைக்கை (கிறவல் றோட்டுக்கென்றே செய்த சைக்கிள்) கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர உத்தேசம். ஆற்றுப் பள்ளத்தாக்கு, காடு, மலை மூன்றும் சேர்ந்த பாதை ஒன்று வன்னியில் இரண்டு நாளைக்குச் சொல்வீர்களா, ஐயா? (ரொறன்ரோ வாசகர்)

தம்பி, மலையை முதலில மறந்துபோடுங்கோ. வன்னியில மலை எண்டு பேர் வைச்ச இடமெல்லாம் காட்டுக்குள்ள தலை நீட்டின கற்பாறைதான். பள்ளத்தாக்கும் அப்பிடித்தான், கண்ணால பார்த்துப் பிடிக்கேலாது. ஆனால் தண்ணிக்குத் தெரியும். கனகராயன் ஆறு வடக்க ஓடி இரணைமடுவுக்கு வருது. பாலியாறும் பறங்கியாறும் மேற்க, பேராறு கிழக்க. நான் முப்பது வருசம் நீர்ப்பாசனத்தில சைக்கிளில திரிஞ்சு படிச்சது இவ்வளவுதான்: இங்க படத்தைப் பார்த்துப் பாதை போடக்கூடாது, தண்ணி போற பக்கத்தைப் பார்த்துப் போடவேணும். குளக்கட்டு, வாய்க்கால் றோட்டு, கழிவு வாய்க்கால் வரம்பு. சைக்கிளுக்கெண்டு ஒருத்தரும் வெட்டினதில்லை. ஆனால் சைக்கிளுக்கு அதைவிட நல்ல பாதை இந்தப் பக்கம் இல்லை.

ரெண்டாவது, ஆடியில சோளகம் வீசும். தென்மேற்கில இருந்து வாற காஞ்ச காத்து. முகத்தில வாங்கினீங்களெண்டால் கிறவல் பைக்கென்ன, மோட்டர் சைக்கிளே திணறும். அதால மேற்கில இருந்து கிழக்க போற மாதிரிப் பாதையைப் பிடியுங்கோ.

முதல் நாள் கிளிநொச்சிப் பக்கம். ஏ9 றோட்டில இரணைமடுச் சந்தியில திரும்பிக் குளக்கட்டுக்குப் போங்கோ. 1902ல வேலை தொடங்கின குளம். விடிய அஞ்சரைக்குக் கட்டில நிண்டால் தண்ணிக்கு மேல புகார் கிடக்கும், கனகாம்பிகை அம்மன் கோயில் மணி கேக்கும். கட்டுக்கு மேல சைக்கிளை ஏத்த முதல் அங்க நிக்கிற காவல்காரரிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோ. கேட்டால் பெரும்பாலும் விடுவினம், கேக்காமல் போனால் விசிலடிப்பினம். பிறகு வலதுகரை வாய்க்காலைப் பிடிச்சு வட்டக்கச்சி, இராமநாதபுரம். வாய்க்கால் இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டு குழம்பாதேங்கோ: நீங்கள் தண்ணி ஓடுற பக்கம் பார்த்து நிக்கேக்க வலக்கைப் பக்கம் இருக்கிறதுதான் வலதுகரை. இராமநாதபுரத்தில இருந்து கல்மடுக்குளப் பக்கமாத் தருமபுரத்துக்கு வந்து ஏ35 றோட்டில ஏறினால் அண்டைக்குக் காணும்.

ரெண்டாம் நாள் வவுனிக்குளத்தில தொடங்குங்கோ. பாலியாற்றுக்குக் குறுக்கக் கட்டின குளம். ஆத்தங்கரையில மருதமரம் நிக்கிற இடத்தில ஒருக்கா நிண்டு காலை நனைச்சுப் போட்டு, மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான் எண்டு கிழக்க வாங்கோ. மாங்குளம் முல்லைத்தீவு றோட்டு இப்ப தார், அதில ஓடுறதுக்கு நீங்கள் பெட்டி கட்டி வரத் தேவையில்லை. ஒட்டுசுட்டானில இருந்து முத்தையன்கட்டுப் பக்கம் திரும்பினால்தான் உங்கட சைக்கிள் தேடுற கிறவல் வரும். ஆனியாடியில றோட்டோரம் பாலைப்பழம் விக்கிறவை இருப்பினம். வாங்கிச் சாப்பிடுங்கோ, உதடு ஒட்டும், அது ஒண்டும் செய்யாது. மரத்தைத் தேடிக் காட்டுக்குள்ள மட்டும் போகாதேங்கோ, கரடிக்கும் அந்தப் பழம்தான் விருப்பம்.

மடு றோட்டுக் காடும் சுண்டிக்குளமும் 2015ல தேசியப் பூங்காவாப் போட்டுது. அதுக்குள்ள சைக்கிளை விட்டுப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது அப்பா ஓடிய பழைய லுமாலா சைக்கிள். கிறவல் பைக் இல்லாமல் நீண்ட தூரம் கிறவலில் ஓட முடியாதா? (கிளிநொச்சி, உயர்தர மாணவன்)

இந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்தது, மகனே. அமெரிக்காவில கன்சாஸ் மாநிலத்தில 2006இல இருந்து கிறவல் றோட்டில 200 மைல் ஓட்டப்போட்டி வைக்கினம். 2022ல இத்தாலியில உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. அந்தச் சைக்கிளுக்கு அவை போடுற ரயர் சாதாரணமா 40 மில்லிமீற்றர் அகலம். உங்கட அப்பாவின்ர சைக்கிள் 28க்கு ஒண்டரை ரயர் எண்டால் ஒண்டரை இஞ்சி எத்தினை மில்லிமீற்றர்? பெருக்கிப் பாருங்கோ, 38. அவை இப்ப கண்டுபிடிச்சதை எங்கட ஆக்கள் ரெண்டு மூட்டை நெல்லோட ஓடி முடிச்சிட்டினம்.

வித்தியாசம் இல்லையெண்டு சொல்லமாட்டன். அவையின்ர பாரம் குறைவு, கியர் இருக்கு, டிஸ்க் பிறேக் மழையிலும் பிடிக்கும். உங்கட கம்பிப் பிறேக் நனைஞ்சால் கடவுளே எண்டு கும்பிடத்தான் சரி. நாலு காரியம் செய்யுங்கோ. பின் ரிம்மின்ர கம்பியள் எல்லாத்தையும் ஒருக்கா இறுக்குவியுங்கோ. கரியர் நட்டுக்குக் கீழ வொஷர் போடுங்கோ, கிறவல் அதிர்ச்சிக்கு முதலில கழண்டு விழுறது அதுதான். காத்தைக் கல்லு மாதிரி அடிக்காதேங்கோ, பெருவிரலால அமத்தினால் கொஞ்சம் இறங்கவேணும். மற்றது நெருஞ்சி. வெயில் காலத்தில வரம்போரம் காஞ்சு கிடக்கும், ஒரு முள்ளுக்கு நாலு பக்கமும் கூர். ரயரை நிப்பாட்டி நிப்பாட்டிக் கையால தடவி எடுங்கோ. வெளிநாட்டுக்காரர் ரியூப் இல்லாமல் ரயருக்குள்ள ஒரு பால் ஊத்தி ஓடீனம், முள்ளுக் குத்தினால் அந்தப் பால் தானா அடைக்கும். பாலைப்பழப் பாலை ஊத்திப் பார்ப்பமோ எண்டு எங்கட ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் கேட்டவர். நான் பதில் சொல்லேல்லை.

கேள்வி: கிறவல் றோட்டு ஏன் தகரம் மாதிரி வரிவரியாகப் போகிறது? ஓடினால் பல்லுக் கழன்றுவிடும் போலிருக்கிறது. (நெடுங்கேணி)

வேகமாப் போற ரயர் சின்ன மேட்டில துள்ளி அங்கால விழேக்க மண்ணைத் தள்ளும், அடுத்த ரயரும் அதே இடத்தில விழும். அப்பிடியே வரி வளரும். ரிப்பர் லொறி ஓடுற றோட்டில ரெண்டு கிழமை காணும். நீங்கள் நடுவில ஓடாமல் ஓரத்தில, புல்லுத் தொடங்கிற இடத்தில ஓடுங்கோ. சீற்றில இருந்து அரை இஞ்சி எழும்பி, பெடலில பாரத்தைப் போடுங்கோ.

ஆனால் உண்மையான வியாதி வேற. தண்ணி வடியிறதுக்கு றோட்டுக்கு நடுவில கூனல் மாதிரி மேடு இருக்கவேணும், ரெண்டு பக்கமும் கான் வெட்டவேணும். நான் மேற்பார்த்த ஒரு வாய்க்கால் றோட்டில கொந்தராத்துக்காரர் கிறவலைக் கொட்டித் தட்டையா உருட்டிப்போட்டு, பில்லுக்குக் கையெழுத்துக் கேட்டார். நான் போடேல்லை. மேல இருந்து ரெலிபோன் வந்தது, போட்டன். மார்கழி மழைக்கு அந்த றோட்டே வாய்க்காலாப் போச்சு. அந்தக் கையெழுத்தை இப்பவும் நினைப்பன்.

கேள்வி: யானை வந்தால்? (பெயர் வேண்டாம், புளியங்குளம்)

வந்தால் என்ன செய்யிறதெண்டதைவிட வராமல் பார்க்கிறதுதான் புத்தி. வெயில் ஏறுறதுக்கு முதலும், நாலு மணிக்குப் பிறகும் காட்டு றோட்டில இருக்காதேங்கோ. சைக்கிளில ஒரு கரைச்சல் இருக்கு. சத்தமில்லாமல் போய் முன்னால நிப்பம், யானைக்குத் திடுக்கிட்டால் கோவம் வரும். வளைவுக்கு வளைவு மணியை அடியுங்கோ. யானைக்குக் கண் பார்வை குறைவு, மூக்குத்தான் எல்லாம். அதால சோளகம் முதுகில அடிக்கேக்க உங்கட மணம் உங்களுக்கு முன்னாலயே போய்ச் சொல்லிப்போடும், அது தானா விலகும். எதிர்க்காத்தில போகேக்க அந்த உதவி இல்லை. ஈர லத்தி கண்டால் இறங்கி, வந்த வழியே திரும்புங்கோ. யானை வெடி கொழுத்துறது வயல்காரரின்ர வேலை, உங்கட வேலையில்லை.

கேள்வி: மிதிவெடிப் பயம் இன்னும் இருக்கா? (கொழும்பு)

ஓம். ஓடித் தேய்ஞ்ச றோட்டை விட்டு இறங்காதேங்கோ, சலம் விடுறதுக்கும் கூட. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, கட்டின நாடாவோ கண்டால் படமெடுக்கக்கூடக் கிட்டப் போகவேண்டாம். 2017ல இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போல மிதிவெடி அகற்றுற நிறுவனங்களின்ர ஆக்கள், அதில கனபேர் எங்கட ஊர்ப் பொம்பிளைப் பிள்ளையள், வெயிலில முழங்காலில இருந்து மண்ணைக் கிளறினபடியால்தான் நாங்கள் இப்பிடிச் சைக்கிள் பாதை கதைக்கிறம். 2018 மார்கழி வெள்ளம் மாதிரி ஒண்டு வந்தால் மண்ணோட சேர்ந்து வெடியும் இடம் மாறும். வெள்ளம் வத்தின கையோட புதுப்பாதை தேடிப் போகாதேங்கோ.

குடிக்கத் தண்ணி எவ்வளவு கொண்டு போறது எண்டு கேட்ட மாங்குளம் வாசகருக்கு: ஆளுக்கு மூண்டு லீற்றர், சுத்திகரிச்ச தண்ணி விக்கிற கடையில நிரப்புங்கோ. முறிகண்டியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டு வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்கி வையுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.

கேள்வி: என் மகள் ஆறு கிலோமீற்றர் கிறவலில் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போகிறாள். வெள்ளைச் சட்டை போய்ச் சேரச் செங்கல் நிறமாகிவிடும். இந்த றோட்டுக்குத் தார் கேட்டு நாங்கள் அலைகிறோம். நீங்களோ வெளிநாட்டுக்காரருக்குக் கிறவலின் அருமை சொல்கிறீர்கள். வெட்கமில்லையா? (மல்லாவி, ஒரு தாய்)

அம்மா, இருக்கு. உங்கட கடிதத்தை ரெண்டு நாள் மேசையில வைச்சிருந்தன்.

எனக்கும் ரெண்டு பெம்பிளைப் பிள்ளையள். பெற்றோல் வராத சண்டைக் காலத்தில வன்னி முழுக்கச் சைக்கிளில ஓடினது ஆசைக்கில்லை. நெல்லும் விறகும் வருத்தக்காரரும் கரியரில போச்சினம். அந்தக் கஷ்டத்தை இப்ப அழகெண்டு சொல்லுறது பிழை, ஒத்துக்கொள்ளுறன். வாய்க்கால் றோட்டு கிறவலாவே கிடக்கட்டும், அது தண்ணி பாக்கிற ஆளுக்கும் உழவு மெசினுக்கும் போட்டது. பள்ளிக்கூட றோட்டு வேற.

அதால ஒரு வேலை செய்வம். உங்கட றோட்டு ஆரின்ர எண்டு முதலில பாருங்கோ. ஏ, பி தர வீதியெண்டால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி எண்டால் மாகாண சபையின்ர வீதித் திணைக்களம், உள்வீதியெண்டால் பிரதேச சபை, வாய்க்காலோரமெண்டால் நாங்கள், நீர்ப்பாசனத் திணைக்களம். கனபேர் பிழையான கந்தோருக்கு எழுதிப்போட்டு வருசக்கணக்கா இருக்கினம். றோட்டின்ர பேரையும் எங்க தொடங்கி எங்க முடியுதெண்டதையும் எழுதி எனக்கு அனுப்புங்கோ. கடிதத்தை நானே எழுதித் தாறன். பிள்ளை எத்தினை மணிக்குப் போறா, எத்தினை ரிப்பர் அந்த நேரம் ஓடுது எண்டதையும் ஒரு கிழமைக்கு எண்ணி எழுதுங்கோ. கந்தோரில எண்ணிக்கை இருக்கிற கடிதத்தைத்தான் கோவையில போடுவினம்.

ரொறன்ரோத் தம்பி, மல்லாவிப் பக்கம் ஏழு மணிக்கும் ஒண்டரைக்கும் ஓடாதேங்கோ. அது பிள்ளையளின்ர நேரம்.