போனை வைத்துவிட்டு ஜெபிக்க

கேள்வி: காலை ஜெபத்துக்கு போனில் வேதாகமத்தைத் திறந்தால், வாட்ஸ்அப், ரீல்ஸ் என்று அரைமணி ஓடிவிடுகிறது. மனசு அடங்க என்ன வழி?

பதில்: சிக்கல் உங்கள் விசுவாசத்தில் இல்லை, வேதமும் ரீல்ஸும் ஒரே போனில் இருப்பதில். அச்சு வேதாகமம் எடுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கி, போனை இரவே அடுக்களையில் சார்ஜ் போடுங்கள். தலைமாட்டில் இருந்தால் கை தானாகப் போகும். முதல் வாரம் 10 நிமிடம் போதும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள்.

131-ஆம் சங்கீதம் மூன்றே வசனம். வாய்விட்டு, மெதுவாக, மூன்று தடவை வாசியுங்கள். அதில் வருவது பால்மறந்த குழந்தை. அதாவது, அழுது அடம்பிடித்து ஓய்ந்த குழந்தை. உங்கள் மனசும் முதல் சில நாள் போன் கேட்டு அழத்தான் செய்யும். நடுவில் கேஸ் புக்கிங், ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வந்தால், பக்கத்துத் தாளில் ஒரு வார்த்தை குறித்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள்.