கேள்வி நேரம்: சங்கரய்யாவும் அந்தப் பட்டமும்

கேள்வி (மதுரைக் கல்லூரி மாணவி ஒருவர்): கம்யூனிஸ்ட் தலைவர் என்.சங்கரய்யா மூன்று முறை எம்.எல்.ஏ.வாக மட்டுமே இருந்தார். அமைச்சர்கூட ஆனதில்லை. ஆனாலும் எல்லாக் கட்சியினரும் அவரைக் கொண்டாடியது ஏன்?

பதில்: நீங்கள் மதுரை என்பதால் அமெரிக்கன் கல்லூரியிலிருந்தே வருகிறேன். அங்கே பி.ஏ. வரலாறு படித்தார் அவர். 1941இல் இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்ததுதான் குற்றம். வருடக்கணக்கில் படித்த படிப்பு. தேர்வு எழுத முடியவில்லை. பட்டம் அதோடு போயிற்று. பரீட்சை நேரத்தில் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 1946இல் கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீது போட்ட மதுரைச் சதி வழக்கு. பி.ராமமூர்த்தியோடு இவரும் உள்ளே. வெளியே விட்டது 1947 ஆகஸ்ட் 14 அன்று. விடிந்தால் சுதந்திரம்! சரி, இனி சிறை இல்லை என்று நினைப்போம். சுதந்திர இந்தியாவும் அவரை உள்ளே வைத்தது. மொத்தம் எட்டு ஆண்டு சிறை. தலைமறைவு வாழ்க்கை தனி.

1967இல் மதுரை மேற்கு, 1977லும் 1980லும் மதுரை கிழக்கு என்று சட்டமன்றம் போனார். 1995 முதல் 2002 வரை மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர். என்னைக் கேட்டால், இந்தப் பதவிகளைவிட 1947இல் சாதியும் மதமும் பார்க்காமல் நவமணி அம்மாளைக் கைப்பிடித்தாரே, அதைத்தான் முதலில் சொல்வேன். மேடையில் பேசியதை வீட்டில் செய்தவர்.

2021இல் தமிழக அரசின் முதல் ‘தகைசால் தமிழர்’ விருது இவருக்குத்தான். பத்து லட்சம் ரூபாய். அதை அப்படியே முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): டாக்டர் பட்டம் என்ன ஆயிற்று?

பதில்: நினைத்தாலே மனசு ஆறவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா அவர் பெயர் இல்லாமலே நடந்தது. நவம்பர் 15 அன்று, நூறு வயதைக் கடந்த நிலையில், சென்னையில் காலமானார். இருபது வயதுக்கு முன்பே இழந்த பட்டத்துக்கு ஈடாக, அதே மதுரையில் ஒரு தாளைக் கையில் கொடுத்திருக்கலாம்.

கேள்வி (தேனி வாசகி): அவர் பேச்சை நேரில் கேட்டதுண்டா?

பதில்: உண்டு, ஒரு தெருமுனைக் கூட்டத்தில். பாதிப் பேச்சில் கரன்ட் போய் மைக் நின்றது. அவர் நிறுத்தவில்லை. ஒரு கையை உயர்த்தி, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார். எதிர்ச்சாரியில் டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, கடை வாசலுக்கு வந்து நின்றார்.