பாட்டியின் மடியில் பேரன் எப்போது உட்காரலாம்?

கேள்வி: தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பின் என் தாயாருக்குப் பெங்களூருவில் அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுத்து, சில நாள் தனியறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். அதன் கதிரியக்கம் 8 நாளில் பாதி குறையும் என்றால், 16 நாளில் முழுவதும் தீர்ந்துவிடுமா? இரண்டு வயதுப் பேரனை அவரிடம் விடலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: 16 நாளில் தீராது, பாதியின் பாதியாகக் கால் பங்கும், 24 நாளில் அரைக்கால் பங்கும் எஞ்சும். ஆனால் இது மருந்தின் அணுக்கள் தாமாகவே சிதைந்து குறையும் அணுச்சிதைவின் கணக்கு மட்டுமே. தைராய்டு நீக்கப்பட்டவரின் உடலிலிருந்து பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே சிறுநீருடன் வெளியேறிவிடுவதால், உண்மையில் இன்னும் விரைவாகக் குறையும். அதனால்தான் கழிவறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள்.

அயோடின் வெளியிடும் பீட்டா துகள் திசுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டரில் நின்று நோய்ச் செல்களை அழிக்கிறது. உடலைத் தாண்டி வெளியே வருவது காமா கதிரே. ஒரு மீட்டர் தள்ளி இருப்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால், பெறும் அளவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். குழந்தையின் தைராய்டு கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்பதால் மடியில் வைத்துக் கொஞ்சுவதையும், ஒரே பாயில் உறங்குவதையும், எச்சில் பட்ட தட்டில் ஊட்டுவதையும் இப்போது தவிர்க்க வேண்டும். எத்தனை நாள் என்பது கொடுத்த மருந்தின் அளவைப் பொறுத்தது. மருத்துவமனைச் சீட்டில் உள்ள நாள் கணக்கை அப்படியே பின்பற்றுங்கள்.

தாயாரைத் தீட்டுப்பட்டவர்போல ஒதுக்கிவிடாதீர்கள். அவர் தொட்டதெல்லாம் கதிரியக்கப் பொருளாகிவிடாது. எச்சில், வியர்வை, சிறுநீர் படும் துணியையும் பாத்திரத்தையும் தனியாகக் கழுவினால் போதும். அவர் திண்ணையில் இருக்க, பேரன் முற்றத்தில் விளையாடட்டும்.