அல்லேலூயாவோடு எழும்பிப் போய்விடாதீர்கள்

தங்கச்சி, ரொறன்ரோவில் இது உங்களுக்கு முதல் டிசெம்பர். வேலையிடத்தில் யாரோ ‘மெசையா’ (இயேசுவைப் பற்றி ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் மூன்று பாகமாக எழுதின பெரிய பாட்டுக் கச்சேரி) கட்டாயம் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முழு ஓர்கெஸ்ட்ரா, பெரிய கொயர், வெளியிலிருந்து வரும் நான்கு தனிப்பாடகர்கள் என்று கேட்டதும் உங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. நாங்கள் சைவம், போகலாமா, என்ன உடுப்பது, ஐந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகலாமா, கார் எங்கே விடுவது, எப்போது கை தட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடுப்பைப் பற்றி யோசிக்காதீர்கள். சேலையும் வருகிறது, ஜீன்ஸும் வருகிறது. காரை வீட்டில் விடுங்கள். கென்னடியில் சப்வே ஏறி, சென். ஜோர்ஜில் மாறி, சென். அன்ட்ரூவில் இறங்கினால் நிலத்துக்குக் கீழாகவே கச்சேரி நடக்கிற ரோய் தொம்சன் ஹோலுக்குப் போய்விடலாம். மகனை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள், இரண்டரை மணித்தியாலம் அந்த வயதுக்கு அதிகம். மெசையாவை நடத்துகிற ரொறன்ரோ சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா அதே மாதத்தில் கிறிஸ்மஸ் பாட்டுகளை வைத்து இலகுவான நிகழ்ச்சி ஒன்றும் செய்யும், அவனுக்கு அதுதான் சரி. கை தட்டுவதற்குப் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்.

நான் சொல்ல விரும்புவது வேறு.

ரிக்கெற் வாங்கும்போது கவனம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் வாங்கி விற்கிறவர்களின் தளங்கள். என் மைத்துனியின் மகள் அப்படி ஒன்றில் இரட்டிப்பு விலை கொடுத்தாள். மண்டபத்தின் சொந்தத் தளத்தில் அதே வரிசையில் இடம் இருந்தது. ரோய் தொம்சன் ஹோலின் தளம், இல்லாவிட்டால் சிம்பொனியின் தளம், வேறெங்கும் காசு கட்டாதீர்கள். மலிவான மேல்மாடி இடமே போதும். அங்கேயிருந்து பார்த்தால் கொயர் முழுவதும் தெரியும்.

அடுத்தது நேரம். இதில் எனக்குப் பல வருசக் கோபம் இருக்கிறது. சென்னையிலிருந்து சினிமாப் பாடகர்கள் வரும் நிகழ்ச்சிகளுக்கு ஆறு மணி என்று நோட்டீஸ் அடித்து எட்டு மணிக்குத் தொடங்குவார்கள். சனமும் அதைத் தெரிந்துகொண்டு எட்டரைக்கு வரும், வந்து முன்வரிசையில் ஆளைத் தேடிக் கையசைக்கும். இங்கே அது நடக்காது. நடத்துநர் கை தூக்கினால் கதவு பூட்டு. பிந்தினவர் அடுத்த இடைவெளி வரும்வரை வெளியே நிற்கவேண்டியதுதான். அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். ஜக்கற்றைக் கொடுத்து வைக்கவும் நேரம் வேண்டும்; அதை மடியில் போட்டுக்கொண்டு இருந்தால் வேர்த்துப்போகும்.

பிந்தினால் போவது எதுவென்றும் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் கொயர் பாடாது. தந்தி வாத்தியங்கள் கொஞ்ச நேரம் கனமாக வாசித்து நிற்கும். பிறகு இசை மெல்ல வெளிக்கும். ரெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடகர் எழும்புவார். ‘தேற்றுங்கள்’ என்ற அந்த முதற் சொல்லில் வாத்தியங்கள் விலகி நிற்க, அவருடைய குரல் மட்டும் மண்டபத்தில் போகும். ‘என் மக்களைத் தேற்றுங்கள்.’

நான் இங்கே வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குக் கடன்பட்டு. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்ற். வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். இரவு பத்து மணிக்கு ஹீற்றரைக் குறைத்துவிடுவார், வாடகைக்கு மட்டும் முதலாம் திகதி விடியவே வந்து நிற்பார். ஊர்க்காரர் என்பதற்காக எழுத்தில்லாமல் வீடு எடுக்காதீர்கள் என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். எனக்கு வேலை கிங் வீதியில் ஓர் உயர்ந்த கட்டடத்தில், இரவுத் துப்புரவு. கூட வேலை செய்த போலந்துக்கார அம்மா ஒருவர் தன் சேர்ச் கொயரில் பாடுகிறவர். ஒரு டிசெம்பரில் தன்னிடம் மிஞ்சின ரிக்கெற்றைத் தந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். அம்மா யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில் இருந்தா, கடிதம் வந்து மாதக்கணக்கு. அந்த ரெனர் ‘என் மக்களை’ என்று பாடினபோது எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அதனால்தான் நேரத்துக்குப் போகச் சொல்கிறேன்.

சைவம் என்று யோசிக்கவே வேண்டாம். இது ஆராதனை இல்லை, கச்சேரி. நெற்றியில் திருநீறோடுதான் நான் போவேன். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து, காலையில் ஜெபம் கேட்டு, வீட்டுக்கு வந்து தேவாரம் பாடின சைவப் பிள்ளைகள் எத்தனை பேர்! சார்ள்ஸ் ஜென்னன்ஸ் என்பவர் பைபிளிலிருந்து வசனங்களைத் தெரிந்து கோத்துக் கொடுக்க, ஹாண்டல் 1741இல் மூன்று கிழமைக்குச் சற்றுக் கூடின காலத்தில் இசையை எழுதி முடித்தார். அவரும் ஊர் விட்டு வந்தவர்தான். ஜேர்மனியில் ஹாலே என்ற ஊரில் 1685இல் பிறந்து, லண்டனில் குடியேறி, 1727இல் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர். மெசையாவை முதன்முதலாகப் பாடினது 1742 ஏப்ரல் 13, டப்ளினில். அது ஈஸ்டரை ஒட்டின காலம், கிறிஸ்மஸோடு இது சேர்ந்தது பிற்பாடு. அன்றைக்குச் சேர்ந்த காசு இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்கவும் போனது. ஏஜென்சிக் கடன் கட்டி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து ஹாண்டல் எனக்கு அந்நியர் இல்லை.

‘அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு’ என்று சொல்கிற எங்கள் ஆட்களை நிறையச் சந்திப்பீர்கள். இந்த நகரத்தில் இருபது, முப்பது வருசம் இருந்தும் மார்க்கம் வீதிக்கு மேற்கே ஒரு மண்டபத்தையும் அறியாதவர்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்த நகரத்தின் பழைய கச்சேரி மண்டபமான மாஸி ஹோலை 1894 யூன் 14 அன்று திறந்தபோது பாடினதும் மெசையாதான். அன்றிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்த எல்லாச் சனமும் அதைக் கேட்டிருக்கிறது. இன்றைக்குக் கொயரின் முகங்களைப் பாருங்கள், சீனரும் கரீபியரும் இந்தியரும் நிற்பார்கள்.

இனி முக்கியமான விசயம். அல்லேலூயா கச்சேரியின் முடிவு இல்லை. அது இரண்டாம் பாகத்தின் கடைசிப் பாட்டு. சனம் எழும்பி நிற்கும். இங்கிலாந்தின் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் எழும்பினார், அதனால் எல்லோரும் எழும்பினார்கள் என்று ஒரு கதை இருக்கிறது, அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது. நீங்களும் எழும்பி நில்லுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அது முடிந்ததும் ஜக்கற்றைத் தேடுகிறவர்களோடு சேர்ந்து வெளிக்கிட்டுவிடாதீர்கள். தெரிந்த பாட்டைக் கேட்டாயிற்று, நெரிசலுக்கு முதல் போய்விடுவோம் என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

மூன்றாம் பாகத்தின் முதற் பாட்டு சொப்ரானோவுக்கு, அதாவது உயர்ந்த பெண்குரலுக்கு. ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று அறிவேன்’ என்று ஆரவாரமே இல்லாமல் பாடுவார். கொஞ்சம் கழித்து ட்ரம்பெற்காரரைப் பாருங்கள். அவருக்கு முழுக் கச்சேரியிலும் வேலை கொஞ்சம்தான். மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் சும்மா இருந்தவர், குழாயில் தேங்கின ஈரத்தைத் தட்டிவிட்டு, உதட்டை நனைத்துக்கொண்டு நிமிர்வார். பேஸ், அதாவது தாழ்ந்த ஆண்குரல் பாடகர் எழும்பி ‘எக்காளம் தொனிக்கும்’ என்று தொடங்க, இருவரும் மாறி மாறிப் போவார்கள். ட்ரம்பெற்றில் ஒரு சுரம் பிசகினாலும் மண்டபம் முழுவதும் கேட்கும், ஒளிய இடமில்லை. முரசுக்காரருடைய பாடு இன்னும் பெரிது: ஹாண்டல் எழுதினபடி அவருக்கு அல்லேலூயாவும் கடைசிக் கொயர் பாட்டும்தான். அந்தக் கடைசிப் பாட்டு ‘ஆமென்’ என்ற ஒரே சொல்லில் முடியும். முதலில் பேஸ் குரல்கள் எடுக்கும், பிறகு ரெனர், பிறகு அல்ற்றோ என்கிற தாழ்ந்த பெண்குரல், பிறகு சொப்ரானோ. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் கட்டி எழுப்புவார்கள். ஒரு ராகத்தை விரித்துப் பாடக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு அது சட்டென்று பிடிக்கும்.

பிடித்தால் அடுத்த வருசம் ராஃபெல்மூசிக் என்ற இசைக்குழு நடத்துகிற ‘கூடிப் பாடும் மெசையா’வுக்கு வாருங்கள். பல வருசமாக நடக்கிறது. நடத்துபவர் ஹாண்டலைப் போலவே உடுத்துக்கொண்டு வருவார், கொயர் பாட்டுகளைப் பார்வையாளர்கள்தான் பாடவேண்டும், குரல் வாரியாகப் பிரித்து இருத்துவார்கள். நான் பேஸ் பக்கத்தில் இருப்பேன். மேற்கத்தியச் சுரக் குறிப்பு வாசிக்க நாற்பது வயதுக்குப் பிறகு நூலகத்தில் படித்துப் பழகினேன், நீங்கள் என்னைவிடச் சுறுக்காகப் பழகிவிடுவீர்கள். பாட்டுப் புத்தகம் வாங்கத் தேவையில்லை, என்னிடம் மேலதிகமாக ஒன்று இருக்கிறது.