நெல் காயப்போட ரோடுதான் கதியா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி நெல்லைப் பற்றி, மீதியெல்லாம் வண்டி வாடகையும் பஸ்ஸும். மதுரை மாவட்டத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், அதனால் இன்னொரு தடவை: ஊர், எத்தனை ஏக்கர், தண்ணீர் எங்கிருந்து, தார் ரோட்டுக்கு எவ்வளவு தூரம். இந்த நாலும் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊருக்கு எந்தப் பயிர் வைத்தால் நல்ல லாபம் வரும்? உடனே பதில் தேவை.
(ஊர் எழுதவில்லை)

எந்த ஊர் ஐயா? கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலா, சோழவந்தான் நஞ்சையா? அடுத்த கடிதம்.

மேலூர்ப் பக்கம் கடைமடையில் இரண்டு ஏக்கர். பெரியாறு கால்வாய்ப் பாசனம்தான். சி.ஆர். 1009 நெல் போடலாம் என்று இருக்கிறேன்.
(மேலூர் வட்டம்)

வேண்டாம். அது 155 நாளுக்குக் குறையாத ரகம். ஒருபோகப் பகுதிக்குத் தண்ணீர் திறப்பதே நல்ல வருடத்தில் செப்டம்பர் நடுவில்தான். திறந்தாலும் 120 நாள் கணக்கு, அதிலும் ஒரு கட்டத்துக்கு மேல் முறை வைத்துத்தான் விடுவார்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். அதற்குப் பிறகு ஒருபோகம் ஒரு லட்சத்துச் சொச்சம் ஏக்கர். அந்த லட்சத்தின் வாலில் நீங்கள் இருக்கிறீர்கள். 135 நாளைத் தாண்டாத ரகம் போடுங்கள். தண்ணீர் பிந்தினால் 110 நாள் ரகத்துக்கு இறங்கிவிடுங்கள். கிணறு இருக்கிறவர் யாரிடமாவது சொல்லி நாற்றங்காலை முன்கூட்டியே விட்டு வைத்தால் இருபது நாள் மிச்சம். அணையின் நீர்மட்டத்தை வாட்ஸப்பில் யாரோ போட்டதைப் பார்த்து விதை வாங்க ஓடாதீர்கள், அரசாணை வரட்டும்.

மல்லிகை ஒரு ஏக்கர் இருக்கிறது. உசிலம்பட்டியில் போடுவதைவிட மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது. அங்கேயே கொண்டுபோகலாமா?
(உசிலம்பட்டி அருகே)

ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்கிறீர்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கேள்வியே அதில்தான் இருக்கிறது. ஐந்து கிலோ என்றால் கூடக் கிடைப்பது ஐந்நூறு ரூபாய். மாட்டுத்தாவணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய் வர பஸ், டீ, பாதிப் பகல் வேலை என்று அந்த ஐந்நூறு அங்கேயே கரைந்துவிடும். இருபது கிலோவுக்கு மேல் என்றால் பேசலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடியுங்கள். பூவை ஒன்றாகக் கொட்டாதீர்கள், அவரவர் பையில் அவரவர் பெயர். வண்டியோடு ஒருவர் முன்சீட்டில் போனால் போதும், மூட்டை மேல் யாரும் உட்கார வேண்டாம். எடை போட்டதும் சீட்டு வாங்கிவிட வேண்டும். சீட்டு இல்லாத எடை எடையே இல்லை.

இன்னொன்று. பூக்கடையில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை, பூ அந்தக் கடைக்குத்தான் போயாக வேண்டும். பத்து சதவீதம் தரகு ஊரறிந்தது. அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது என்பார்கள், அந்த வட்டி விலையில் இருக்கும். மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது என்ற செய்தியைப் பார்த்து மயங்க வேண்டாம். பனியில் செடியில் பூவே இருக்காது, அதனால்தான் அந்த விலை. உங்கள் கணக்கைப் பங்குனி, சித்திரை விலையில் போடுங்கள்.

போடி ரயிலில் பூ, காய்கறி அனுப்ப முடியுமா?
(ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம்)

மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்றது, அகலப் பாதையில் தேனி வரை 2022 மே, போடி வரை 2023 ஜூன். இத்தனை வருடம் காத்திருந்தோம், சந்தோஷம்தான். ஆனால் பகல் வண்டி காலையில் மதுரையிலிருந்து கிளம்பிப் போடி போய், சாயங்காலம் திரும்புகிறது. உங்கள் பூ விடியற்காலையில் மதுரையில் இருக்க வேண்டும். ஆள் போய்வர நல்ல வண்டி, சரக்குக்கு நேரம் ஒத்துவராது.

மிஷினில் அறுத்த நெல்லை ஈரமாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் எடுக்க மறுக்கிறார்கள். ரோட்டில் காயப்போட்டால் போலீஸ்காரர் சத்தம் போடுகிறார். விவசாயி எங்கேதான் போவது?
(வாடிப்பட்டி வட்டம்)

போலீஸ்காரர் சத்தம் போடுவது சரிதான். நால்வழிச் சாலையின் ஓரத்தில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல்லை வைத்து, ராத்திரி கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்துவிடுகிறோம். நெல்லை அள்ளுகிறோம், கல்லை அள்ளுகிறோமா? பைக்கில் வருகிறவன் தலை அந்தக் கல்லில்தான் போய் மோதுகிறது. அவனும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான்.

ஆனால் உங்கள் ஆதங்கத்தில் பாதி நியாயம் உண்டு, அதைத்தான் நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு ஊர் களம் இருந்ததே, அது எங்கே? கிராமக் கணக்கில் 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், பல ஊரில் களம் என்று புல எண்ணோடு இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அதில் ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு சமுதாயக்கூடம், கொஞ்சம் வீடுகள். கட்டியபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால் அப்போது ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, அடித்துத் தூற்றுவதற்குள் நெல் தானாகக் காய்ந்துவிடும் என்ற நினைப்பு. மிஷின் வந்த பிறகுதான் களத்தின் அருமை தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை அறுத்துக் கொட்டிவிடுகிறது, நெல்லோ இருபதுக்கு மேல் ஈரத்தோடு இருக்கிறது. நிலையத்தில் கேட்பது 17 சதவீதம். இடையில் இருக்கிற அந்த மூன்று, நாலு சதவீதத்தைக் காயவைக்க ஊரில் ஒரு சிமென்ட் தரை இல்லை. வியாபாரி வந்து ஈரத்தைக் காட்டி விலையைக் குறைத்து அள்ளிக்கொண்டு போகிறார். 2025-26 பருவத்துக்கு அரசுக் கொள்முதல் விலை குவிண்டால் சன்ன ரகம் 2,545, மோட்டா ரகம் 2,500 ரூபாய். நாற்பது கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். அதுதான் உங்கள் ஊர் களத்தின் வாடகை.

எனவே அடுத்த கிராமசபையில் புது நிழற்குடை கேட்பதற்கு முன்னால் களத்தைக் கேளுங்கள். 'அ' பதிவேட்டு நகல், புலப்படம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தீர்மானத்தில் புல எண் ஏற வேண்டும். எண் இல்லாத தீர்மானம் காற்றோடு போகும்.

இந்தப் பருவத்துக்குச் செய்யக்கூடியது: அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் மிஷினை விடுங்கள். மணி வாடகை ஓடுகிறதே என்று விடியற்காலையிலேயே இறக்கினால் பனியையும் சேர்த்துத்தான் அறுப்பீர்கள். சொந்தத் தார்ப்பாய் வாங்குங்கள், மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள், பொழுது சாய்வதற்குள் மூடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நாலையும் வைத்து முன்பதிவை அறுப்புக்கு முன்னாலேயே முடியுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எடை போட்டதும் சீட்டு. மறக்காதீர்கள்.

சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, கொடிக்காலை அதிகப்படுத்தலாமா?
(வைகைக் கரை)

2023-ல் கிடைத்தது. மதுரை மல்லிக்குப் பத்து வருடம் முன்பே, 2013-ல் கிடைத்தது. மல்லி விலை அதனால் ஏறியதா என்று உசிலம்பட்டிக்காரரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். குறியீடு பெயரைக் காப்பாற்றும், கொடியைக் காப்பாற்றாது. ஆள் கிடைக்கிறதா, அகத்தி நிழல் இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

என் அம்மா கத்தரிக்காய்க் கூடையோடு உழவர் சந்தைக்குப் போகிறார். எல்லா பஸ்ஸிலும் இலவசம்தானே? கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்.

சாதாரண கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான். புறநகர் பஸ்ஸில் ஏறிவிட்டுக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எங்கள் ஊருக்கு மினி பஸ் விடச் சொல்லி ஐந்து வருடமாக மனு கொடுக்கிறோம். நடவடிக்கை இல்லை.
(பேரையூர் வட்டம்)

யாரிடம் கொடுத்தீர்கள்? கடிதத்தில் இருப்பதைப் பார்த்தால் அமைச்சர், எம்.எல்.ஏ., கலெக்டர், மறுபடி அமைச்சர். மினி பஸ்ஸைத் தனியார்தான் ஓட்டுகிறார்கள், 1997-லிருந்து அப்படித்தான். 2025-ல் வந்த புதுத் திட்டத்தில் ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் பெரும்பகுதி பஸ்ஸே போகாத ரோடாக இருக்க வேண்டும். அனுமதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில். ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது மனு அல்ல, பஸ் வைத்திருக்கிற ஒருவர். காலையில் எத்தனை பேர் ஏறுவார்கள், சந்தை நாளில் எத்தனை பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு வாரம் எண்ணி எழுதிக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள். ரோடு ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வளைவில் சீமைக்கருவேலம் அடைத்திருந்தால் வெட்டச் சொல்லி யாரிடம் போவது என்று அப்போதுதான் தெரியும்.

நடவு ஆட்களைக் குட்டியானையில் ஏற்றி வரலாமா? எல்லோரும் செய்கிறார்கள்.

கூடாது. சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறியவர்களுக்கு அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும், நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். எல்லோரும் செய்கிறார்கள் என்பது கோர்ட்டில் எடுபடாது. டிராக்டர் டிரெய்லருக்கும் இதே பதில், அடுத்த மாதம் அதைத் தனியாகக் கேட்காதீர்கள்.

தேங்காயைத் தோப்பிலேயே எண்ணிக்கைக்கு விற்கிறேன். லாபக்காய் என்று கூட எடுத்துக்கொள்கிறார்கள். வேறு வழி உண்டா?
(அலங்காநல்லூர் பக்கம்)

வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காயும் கொப்பரையும் ஏலம் போகிறது. உங்களுக்குப் பக்கம்தான். ஒரு வெட்டை மட்டும் அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். பறிகூலி, உரிகூலி, வண்டி மூன்றையும் கழித்துவிட்டுத் தோப்பு விலையோடு ஒப்பிடுங்கள். கழிக்காமல் ஒப்பிட்டுவிட்டு எனக்கு நன்றிக் கடிதம் எழுதாதீர்கள்.

வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துக்காரர் வரப்போடு சேர்த்து உழுதுவிட்டார். டிராக்டர் போக வழியில்லை. கரும்பு நிற்கிறது.
(மேலூர் அருகே)

முதலில் புலப்படத்தைப் பாருங்கள். பாதை தனிப் புல எண்ணோடு புறம்போக்கு என்று இருந்தால் விஷயம் சுலபம். தாசில்தாரிடம் மனு, சர்வேயர் அளவை, பிறகு 1905-ஆம் வருட ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ். தாலுகாவில் வருடாவருடம் கிராமக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய பட்டாவுக்குள் பழக்கத்தில் போய்வந்த பாதை என்றால் தாசில்தார் ஒன்றும் செய்ய முடியாது. இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் போய்வந்ததைக் காட்டி சிவில் கோர்ட்டில்தான் உரிமை கேட்க வேண்டும், அதற்குள் உங்கள் கரும்புக்குப் பொங்கல் முடிந்துவிடும். இந்த வருடத்துக்கு அவரிடமே பேசி, வெட்டு நாளுக்கு மட்டும் வழி கேளுங்கள். பணம் கொடுத்துக் கேட்டாலும் பரவாயில்லை, ஆனால் 'இந்த வெட்டுக்கு மட்டும்' என்று ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.